மைனஸ் 62 டிகிரியில் ஒரு கணினி

கணினி: வாசகர் கேள்வி, நமது பதில்

லினக்ஸ் கணினியில் மின்னழுத்தம், வெப்பநிலை, விசிறியின் வேகம் ஆகியவற்றைத் திரையில் காட்டும் ‘சென்சார்ஸ்’ என்ற கட்டளையைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு பெட்டிச் செய்தி வெளியிட்டிருந்தோம். கட்டளையை இயக்கிப் பார்த்துவிட்டு அச்சத்தோடு எழுதியவர்களே மிகுதி என்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, நீங்கள் எழுதியபடி கட்டளையைக் கொடுத்தேன். 12 வோல்ட் என்று எங்குமே இல்லை. ‘இன்4’ என்ற வரியில் 1.01 வோல்ட் என்றும், அதன் பக்கத்தில் ‘அலாரம்’ என்றும் வருகிறது. ‘ஆக்ஸ்டின்’ என்ற ஒரு வெப்பநிலை மைனஸ் 62 டிகிரி காட்டுகிறது. கணினி நன்றாகத்தான் ஓடுகிறது. கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயாஸ் நிரலின் திரையில் 12.096 வோல்ட் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியை) மாற்ற வேண்டுமா, அல்லது லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள டிரைவர் தவறா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டாம். டிரைவரும் தவறு செய்யவில்லை. அது தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது.

நீங்கள் அனுப்பிய வெளியீட்டைப் பார்க்கும்போது, உங்கள் மதர்போர்டில் இருப்பது நுவோட்டான் நிறுவனத்தின் சிப் என்று தெரிகிறது. கெர்னலில் ‘என்சிடி6775’ என்ற டிரைவர் இந்தக் குடும்பம் முழுவதையும் கவனித்துக்கொள்கிறது. மின்னழுத்தத்தை எண்ணாக மாற்ற இந்த சிப்பில் இருப்பது 8 பிட் கொண்ட ஓர் அளவி. ஒரு படி என்பது 8 மில்லிவோல்ட். ஆகவே அதனால் நேரடியாக அளக்க முடிந்த உச்சம் 255 படிகள், அதாவது 2.04 வோல்ட். பன்னிரண்டு வோல்ட்டை அதன் காலில் அப்படியே கொடுத்தால் சிப் கருகிவிடும் என்பதால், மதர்போர்டை வடிவமைத்தவர் இரண்டு மின்தடைகளைத் தொடராக வைத்து, பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் அந்தக் காலுக்கு அனுப்பியிருக்கிறார். சிப் அளந்தது 126 படிகள். 126 பெருக்கல் 8 என்றால் 1008 மில்லிவோல்ட். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 12.096 வோல்ட். உங்கள் பயாஸ் காட்டுவதும் அதே எண்தான்.

பயாஸுக்கு அந்தப் பன்னிரண்டு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். பயாஸை எழுதியவர்களிடம் அந்த மதர்போர்டின் சுற்று வரைபடம் இருந்தது. கெர்னல் டிரைவரை எழுதியவரிடம் இருந்தது சிப்பின் தரவுத்தாள் மட்டுமே. அதே சிப்பை வேறொரு மதர்போர்டில் பதித்தவர் 12 வோல்ட்டை நான்காவது காலுக்குப் பதிலாக முதல் காலில் இணைத்திருக்கலாம். மின்தடைகளையும் வேறு அளவில் போட்டிருக்கலாம். சிப்புக்குத் தன் கால்களைத் தாண்டி எதுவும் தெரியாது. ஆகவே ஹெச்டபிள்யூமான் எனப்படும் வன்பொருள் கண்காணிப்புப் பிரிவில், டிரைவர் சிப்பின் காலில் உள்ள மின்னழுத்தத்தை மட்டும் மில்லிவோல்ட்டில் தர வேண்டும், மதர்போர்டைச் சார்ந்த பெருக்கலை வெளியே உள்ள நிரல்தான் செய்ய வேண்டும் என்பதே நெடுங்கால வழக்கம். உங்கள் வெளியீட்டிலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. 3.3 வோல்ட், பேட்டரி ஆகிய வரிகள் மட்டும் சரியான எண்ணோடும் பெயரோடும் வந்திருப்பதைக் கவனியுங்கள். அந்த மின்னழுத்தங்களைப் பாதியாக்கும் மின்தடைகள் சிப்பின் உள்ளேயே இருப்பதால், டிரைவர் தானே இரண்டால் பெருக்கித் தந்துவிடுகிறது.

மிச்சமுள்ள பெருக்கலை நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும். எட்சி கோப்பகத்தில் உள்ள ‘சென்சார்ஸ்.டி’ என்ற உட்கோப்பகத்தில் ஒரு கோப்பை உருவாக்கி, சிப்பின் பெயரைக் குறிக்கும் வரிக்குக் கீழே ‘கம்ப்யூட் இன்4 @*12, @/12’ என்றும் ‘லேபிள் இன்4 +12வோ’ என்றும் பொருள்படும் இரண்டு வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். @ என்பது சிப் தந்த எண். காற்புள்ளிக்கு முன் இருப்பது படிப்பதற்கான கணக்கு. பின் இருப்பது, நீங்கள் ஏதேனும் எல்லையை அமைத்தால் அதைச் சிப்புக்குப் புரியும் அளவுக்குச் சுருக்கும் எதிர்க்கணக்கு. உங்கள் போர்டில் எந்தக் கால் எந்த மின்னழுத்தம் என்பதைப் பயாஸ் திரையோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். புராசஸருக்குச் செல்லும் மின்னழுத்தம் வேலைக்கேற்ப ஏறி இறங்குவதால் அதை இனம் காண்பது எளிது; அசையாமல் நிற்கும் வரிகளில்தான் பொறுமை தேவைப்படும்.

இதைச் செய்து முடித்த பிறகு ஒரு வேடிக்கையைக் காண்பீர்கள். உங்கள் 12 வோல்ட் வரி 12.00 என்றோ 12.10 என்றோ காட்டுமே தவிர, இடைப்பட்ட 12.05 என்பது வரவே வராது. ஒரு படி 8 மில்லிவோல்ட் என்பதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 96 மில்லிவோல்ட் ஆகிவிடுகிறது. அதைவிட நுணுக்கமாக இந்தச் சிப்பால் சொல்ல இயலாது. கணினி மின்வழங்கிகளுக்கான ஏடிஎக்ஸ் வரையறையின் 3.0க்கு முந்தைய பதிப்புகள் 12 வோல்ட்டுக்கு ஐந்து சதவீத ஏற்ற இறக்கத்தை, அதாவது 11.40 முதல் 12.60 வரை, அனுமதித்தன. திரையில் 11.3 என்று வந்தால்கூட முதலில் ஒரு மல்டிமீட்டரை எடுத்து எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் கம்பியில் அளந்து பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

‘அலாரம்’ என்பதையும் பொருட்படுத்த வேண்டாம். கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் பயாஸ் பூஜ்யமாகவே விட்டுவைத்திருக்கிறது. பூஜ்யத்துக்கு மேல் எது வந்தாலும் சிப் தன் கடமையாக எச்சரிக்கிறது. மைனஸ் 62 டிகிரி என்பது எதுவும் இணைக்கப்படாத ஒரு காலின் பிதற்றல். ‘இக்னோர்’ என்று ஒரு வரி சேர்த்து அதை மறைத்துவிடுங்கள்.

கேள்வி: டிரைவரை ஏற்ற முயன்றால் ‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி’ என்று மறுக்கிறது. கெர்னல் பதிவேட்டில் ஏசிபிஐ முரண்பாடு என்று ஒரு வரி இருக்கிறது. இணையத்தில் ஒருவர், கணினி தொடங்கும்போது ‘ஏசிபிஐ என்ஃபோர்ஸ் ரிசோர்சஸ்’ என்பதை ‘லாக்ஸ்’ என அமைத்தால் சரியாகிவிடும் என்கிறார். செய்யலாமா?
– கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளர், திருச்சி

பதில்: செய்தால் டிரைவர் ஏறிவிடும் என்பது உண்மை. ஆனால் கெர்னல் ஏன் மறுக்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு செய்யுங்கள்.

இத்தகைய சிப்பிடம் ஒரு விவரத்தைக் கேட்பது இரண்டு படிகள் கொண்ட வேலை. உங்கள் சிப்பின் அடிமுகவரி பதினறும எண்ணில் 290 என்று வைத்துக்கொள்வோம். முதலில் 295ஆம் போர்ட்டில் (சிப்போடு பேசும் வாசலில்), எந்த ரெஜிஸ்டர் (சிப்பின் உள்ளே ஒரு மதிப்பை வைத்திருக்கும் சிறு அறை) வேண்டும் என்ற எண்ணை எழுத வேண்டும். பிறகு 296ஆம் போர்ட்டில் அதன் மதிப்பைப் படிக்கவோ எழுதவோ வேண்டும். நூலகத்தில் புத்தகத்தின் எண்ணை ஒரு சன்னலில் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த சன்னலில் புத்தகத்தை வாங்கிக்கொள்வதைப் போன்றது இது. நீங்கள் முதல் சன்னலிலிருந்து இரண்டாவது சன்னலுக்கு நடந்து போவதற்குள் வேறொருவர் வந்து தம் எண்ணை எழுதிவிட்டால், அவருடைய புத்தகம் உங்கள் கைக்கு வரும்.

அந்த வேறொருவர், வன்பொருளையும் மின்சாரப் பயன்பாட்டையும் நிர்வகிக்கப் பயாஸ் தந்துவிட்டுச் சென்ற ஏசிபிஐ நிரல். கெர்னலின் உள்ளேயே அது இயங்கினாலும், அது எப்போது எந்தப் போர்ட்டைத் தொடும் என்பது டிரைவருக்குத் தெரியாது. டிரைவர் தனக்குள் போட்டுக்கொள்ளும் பூட்டும் அந்த நிரலைக் கட்டுப்படுத்தாது. படிக்கும்போது இப்படி நேர்ந்தால் ஒரு நொடி தவறான வெப்பநிலை வரும், அவ்வளவுதான். எழுதும்போது நேர்ந்தால், நீங்கள் வெப்பநிலை எல்லையாக எழுத நினைத்த எண் விசிறியின் வேகத்தைத் தீர்மானிக்கும் ரெஜிஸ்டரில் போய் விழக்கூடும். இது அன்றாடம் நடக்கும் விபத்து அன்று. ஆனால் நடக்கும்போது காரணத்தைக் கண்டுபிடிப்பது ஏறத்தாழ இயலாத காரியம். அதனால்தான் அந்தப் போர்ட்டுகளைத் தனக்குரியவை என்று ஏசிபிஐ அட்டவணை அறிவித்திருந்தால், கெர்னல் மற்றவர்களை உள்ளே விடுவதில்லை.

‘லாக்ஸ்’ என்பது அந்தக் காவலைக் கணினி முழுவதற்கும் தளர்த்திவிடுகிறது. உங்கள் சிப் ஐடிஇ நிறுவனத்தினுடையது என்றால், ‘ஐடி87’ டிரைவரில் மோதலைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் ஒரு தனித் தெரிவு இருக்கிறது. தளர்வு அந்த ஒரு டிரைவரோடு நின்றுவிடும் என்பதால் அது மேல். அதைவிட மேலான வழி, பயாஸ் தானே திறந்து வைத்திருக்கும் வாசல் வழியாகப் போவது. ஆசுஸ் மதர்போர்டுகள் பலவற்றில் டபிள்யூஎம்ஐ என்ற அழைப்புமுறை மூலம் ஏசிபிஐ நிரலிடமே விவரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள முடிகிறது. நுவோட்டான் டிரைவர் ஆசுஸ் போர்டுகளின் ஒரு நீண்ட பட்டியலை வைத்துக்கொண்டு, அவற்றில் மட்டும் போர்ட்டை நேரே தொடாமல் இந்த வழியில் செல்கிறது. கெர்னல் பழையதாக இருந்தால் புதிய பதிப்புக்கு மாறிப் பாருங்கள். பட்டியலில் உங்கள் போர்டு சேர்ந்திருக்கலாம். மாணவர்கள் பயன்படுத்தும் நாற்பது கணினிகளில் ‘லாக்ஸ்’ போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: பழைய பென்டியம் 4 கணினி ஒன்றில் விசிறி சுழல்வது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் வேகம் பூஜ்யம் என்றே வருகிறது. புதிய விசிறி மாட்டிய பிறகுதான் இப்படி. பழைய விசிறி இரைச்சலாக ஓடியபோது எண் வந்தது.
– கணினி சர்வீஸ் கடை வைத்திருப்பவர், திண்டுக்கல்

பதில்: இரைச்சல் குறைந்ததுதான் காரணம் என்றால் நம்புவீர்களா? அந்தக் காலத்துச் சிப்புகள் விசிறியின் சுற்றுகளை எண்ணுவதில்லை. நொடிக்கு 22,500 முறை துடிக்கும் ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு, விசிறியின் ஒரு சுழற்சிக்குள் எத்தனை துடிப்புகள் கடந்தன என்று எண்ணுகின்றன. விசிறி மெதுவானால் எண்ணிக்கை கூடும். எட்டு பிட் எண்ணி 255ஐத் தொட்டுவிட்டால், விசிறி நின்றுவிட்டதாகவே சிப் கருதிக்கொள்ளும். ஆகவே கடிகாரத்தை 1, 2, 4, 8 என்று வகுத்து மெதுவாக்கும் வசதியையும் வைத்தார்கள். நிமிடச் சுற்று என்பது 13,50,000ஐ எண்ணிக்கையாலும் வகுஎண்ணாலும் வகுத்தால் கிடைப்பது.

வகுஎண் வழக்கமான 2 என்று இருந்தால் இந்தச் சிப்பால் பார்க்க முடிந்த மிகக் குறைந்த வேகம் ஏறத்தாழ 2,660 சுற்றுகள். நீங்கள் மாட்டிய அமைதியான விசிறி 1,200 சுற்றில் ஓடுகிறது என்றால் எண்ணிக்கை 562 வரை போயாக வேண்டும். 255லேயே நின்றுவிடுவதால் பூஜ்யம். ‘ஃபேன்1 டிவ்’ என்ற கோப்பில் 8 என்று எழுதுங்கள். எண்ணிக்கை 140க்கு இறங்கி, 1,205 என்று வேகம் வரும். அடுத்த முறை 1,197 என்று வந்தால் விசிறி தடுமாறுகிறது என்று நினைத்து அதைக் கழற்ற வேண்டாம். எண்ணிக்கை 141 ஆகியிருக்கிறது, அவ்வளவே. இன்றைய சிப்புகளில் எண்ணியின் அகலம் கூடிவிட்டதால் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: கணினி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் ‘ஹெச்டபிள்யூமான்2’ என்பது ‘ஹெச்டபிள்யூமான்4’ என்று மாறிவிடுகிறது. நான் எழுதிய ஸ்கிரிப்ட் புராசஸரின் வெப்பநிலைக்குப் பதிலாக எஸ்எஸ்டியின் வெப்பநிலையைப் படிக்கிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: அந்த எண் டிரைவர்கள் ஏறும் வரிசையில் கொடுக்கப்படுவது, அதை நிலையான முகவரியாகக் கொள்ளாதீர்கள். ஒவ்வொரு ஹெச்டபிள்யூமான் கோப்பகத்திலும் ‘நேம்’ என்ற கோப்பு இருக்கும். அதில் ‘கோர்டெம்ப்’ என்றோ ‘கே10டெம்ப்’ என்றோ எழுதியிருப்பதைத் தேடிப் பிடித்து, அந்தக் கோப்பகத்தைப் படிக்கும்படி ஸ்கிரிப்டை மாற்றுங்கள். வரும் எண்ணை ஆயிரத்தால் வகுக்க மறக்க வேண்டாம். 52000 என்றால் 52 டிகிரி.

கேள்வி: என்னுடைய ரைசன் 1800எக்ஸ் கணினியில் எந்த வேலையும் கொடுக்காதபோதே 58 டிகிரி காட்டுகிறது. ஹீட்சிங்க்கைத் தொட்டால் சூடே இல்லை. தெர்மல் பேஸ்ட்டை இருமுறை மாற்றிவிட்டேன். இன்னொன்று: சில காலம் புராசஸரின் மின்னழுத்தமும் மின்னோட்டமும் காட்டிக்கொண்டிருந்த ‘கே10டெம்ப்’ டிரைவர், கெர்னலைப் புதுப்பித்த பிறகு அவற்றைக் காட்டுவதில்லை. ஏன் பறித்துக்கொண்டார்கள்?
– மென்பொருள் பொறியாளர், சென்னை

பதில்: மூன்றாவது முறை பேஸ்ட் மாற்ற வேண்டாம். ஏஎம்டி புராசஸர்கள் தரும் ‘டிகன்ட்ரோல்’ என்ற எண், விசிறியை எவ்வளவு வேகமாக ஓட்ட வேண்டும் என்று முடிவு செய்வதற்காக உருவாக்கப்பட்டது. அது எந்த ஒரு புள்ளியின் உண்மையான வெப்பநிலையும் அன்று என்று டிரைவரின் ஆவணமே தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. 1800எக்ஸ், 1700எக்ஸ் ஆகிய புராசஸர்களில் அந்த எண்ணோடு 20 டிகிரியையும், 2700எக்ஸில் 10 டிகிரியையும் ஏஎம்டி வேண்டுமென்றே கூட்டி வைத்தது. விசிறி முன்கூட்டியே வேகமெடுக்க இது ஒரு உத்தி. புதிய கெர்னல்களில் ‘டிடை’ என்ற வரி இந்தக் கூட்டலைக் கழித்துக் காட்டும். உங்கள் புராசஸரின் சிலிக்கான் 38 டிகிரியில்தான் இருக்கிறது. நீங்கள் டிகன்ட்ரோல் வரியைப் படித்திருக்கிறீர்கள்.

இன்டெல் தரப்பிலும் கதை இதற்குக் குறைந்ததன்று. ‘கோர்டெம்ப்’ டிரைவர் படிக்கும் ரெஜிஸ்டர் வெப்பநிலையைத் தருவதில்லை; உச்ச எல்லைக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி இருக்கிறது என்பதைத்தான் தருகிறது. எல்லை 100, பாக்கி 48 என்றால் 52 டிகிரி என்று டிரைவர் கழித்துச் சொல்கிறது. பிற்காலப் புராசஸர்கள் தம் எல்லையைத் தாமே சொல்லிவிடுகின்றன. பழைய கோர் 2 புராசஸர்களில் அந்த வசதி இல்லாததால், மாடலைப் பார்த்து 85 அல்லது 100 என்று டிரைவர் ஊகிக்க வேண்டியிருந்தது. ஊகம் தவறினால் எல்லா அளவுகளும் ஒரேயடியாக 15 டிகிரி பிசகிவிடும்.

மின்னழுத்தத்தைப் பொறுத்தவரை உங்கள் மனக்குறை எனக்குப் புரிகிறது, ஆனால் நான் டிரைவரின் பக்கம்தான் நிற்கிறேன். 2020 மார்ச்சில் வெளியான 5.6 கெர்னலில் அந்த வசதி சேர்க்கப்பட்டது. அந்த ரெஜிஸ்டர்களைப் பற்றி ஏஎம்டியின் பொது ஆவணம் எதுவும் இல்லை. ஆர்வலர்கள் சோதித்துப் பார்த்துக் கண்டறிந்த எண்களே அடிப்படை. எந்த எண்ணால் பெருக்க வேண்டும் என்பது போர்டுக்குப் போர்டு மாறியதால், சிலருக்கு நம்பத்தகாத மின்னோட்டம் வந்தது. டிரைவர் பிழையானது என்று புகார்களும் வந்தன. ஓர் ஆண்டு கழிவதற்குள், ஹெச்டபிள்யூமான் பிரிவின் பராமரிப்பாளரான குவென்டர் ராக் அந்தப் பகுதியை நீக்கினார். கெர்னலிலிருந்து வரும் எண்ணைப் பயனர் அளவுகோலாகவே எடுத்துக்கொள்வார். அளவுகோலில் கோடு எங்கே போட வேண்டும் என்பது தெரியாதபோது, குத்துமதிப்பாக ஒரு கோட்டைப் போட்டு விற்பதைவிட அளவுகோலே வேண்டாம் என்று சொல்வது நேர்மையான செயல்.

கேள்வி: கணினியில் உள்ள சிப்புகளைத் தேடும் ‘சென்சார்ஸ்-டிடெக்ட்’ என்ற நிரல் ஒவ்வொரு படியிலும் ‘இது ஆபத்தாக இருக்கலாம்’ என்ற தோரணையில் அனுமதி கேட்கிறது. வெப்பநிலையைப் படிப்பதில் என்ன ஆபத்து?
– ஆசிரியை, மதுரை

பதில்: படிப்பதில் ஆபத்து இல்லை, யாரிடம் படிக்கிறோம் என்று தெரியாமல் கதவுகளைத் தட்டுவதில்தான் ஆபத்து. கணினிக்குள் ஐ2சி என்றும் எஸ்எம்பஸ் என்றும் அழைக்கப்படும் இரு கம்பித் தடம் ஒன்று ஓடுகிறது. அதில் வெப்பநிலை சிப்பும் இருக்கலாம், நினைவகத் தகட்டின் விவரங்களை வைத்திருக்கும் ஈப்ராம் சிப்பும் இருக்கலாம். தடத்தில் எங்கே யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் எதுவும் பிசியில் கிடையாது. ஒவ்வொரு முகவரியாக அழைத்து, பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்படி அழைக்க மிகவும் மென்மையான வழி என்று கருதப்பட்டது ‘குவிக் ரைட்’ என்ற முறை; முகவரியைச் சொல்லிவிட்டு, தரவு எதுவும் அனுப்பாமல் நிறுத்திக்கொள்வது. ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகள் பலவற்றில் இருந்த அட்மெல் 24ஆர்எஃப்08 என்ற ஈப்ராம் சிப் மட்டும் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, தன்னுள் இருந்த தரவைக் கெடுத்துக்கொண்டது. அடுத்த முறை இயக்கும்போது, தரவு சரியில்லை என்று பயாஸ் தொடங்க மறுத்துவிட்டது. வெப்பநிலை பார்க்க நினைத்தவர்களின் மடிக்கணினி எழவே இல்லை. ‘சென்சார்ஸ்’ கட்டளையை உருவாக்கிய எல்எம்-சென்சார்ஸ் திட்டத்தினர் அதன்பின் ஐபிஎம் கணினி என்று தெரிந்தால் அந்தத் தேடலையே மறுக்கும்படி நிரலை மாற்றினார்கள். ஈப்ராம்கள் வசிக்கும் பதினறும 50 முதல் 5எஃப் வரையிலான முகவரிகளில் எழுதும் முறையைத் தவிர்த்து, ஒரு பைட்டைப் படித்துப் பார்க்கும் வழக்கமும் ஏற்பட்டது.

உங்கள் கணினியில் அஞ்சத் தேவையில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் என்டர் விசையை மட்டும் அழுத்துங்கள். ஆபத்தான தேடல்களுக்கு ‘வேண்டாம்’ என்பதே முன்னிருப்பு விடையாக அமைக்கப்பட்டிருக்கிறது. ஆர்வத்தில் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று தட்டிவிடாதீர்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய மதர்போர்டின் சிப்பை லினக்ஸ் அடையாளம் காணவில்லை. விண்டோஸில் நிறுவனத்தின் நிரல் எல்லாவற்றையும் காட்டுகிறது. எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: தரவுத்தாள் வெளியே வருவதைப் பொறுத்தது. 1998இல் அலெக்சாண்டர் லார்சன் எழுதிய ‘எல்எம்78’ என்ற சிறு நிரலில் தொடங்கி, ஃப்ரோடோ லூயார்ட், பிலிப் எடெல்புரோக் ஆகியோர் எல்எம்-சென்சார்ஸ் திட்டமாக வளர்த்த நாளிலிருந்து இதே நிலைதான். நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் தன் எல்எம்78 சிப்புக்குத் தரவுத்தாளை வெளியிட்டிருந்ததால் டிரைவர் எளிதாக வந்தது. ஆசுஸ் போர்டுகளில் இருந்த ஏஎஸ்99127எஃப் என்ற சிப்புக்குத் தரவுத்தாள் கிடைக்கவில்லை. அது வின்பாண்ட் சிப்பை ஒத்திருப்பதைக் கண்டு, அதே டிரைவருக்குள் ஊகத்தின் பேரில் இடம் கொடுத்தார்கள். உங்கள் போர்டின் சிப்பும் ஏற்கெனவே உள்ள ஒன்றின் தம்பியாகவே இருக்கக்கூடும். ‘ஃபோர்ஸ் ஐடி’ என்ற தெரிவைக் கொடுத்து அண்ணனின் பெயரில் ஏற்றிப் பார்க்கிறவர்கள் உண்டு. வெப்பநிலையைப் படிக்க மட்டும் முயன்று பாருங்கள். விசிறிக் கட்டுப்பாட்டில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: மூன்றாம் ஆண்டு மின்னணுவியல் படிக்கிறேன். ஹெச்டபிள்யூமான் டிரைவர் ஒன்றை நானே எழுதிப் பழக விரும்புகிறேன். எந்தச் சிப்பில் தொடங்கலாம்?
– மாணவி, திருநெல்வேலி

பதில்: எல்எம்75 என்ற வெப்பநிலை சிப்பில். அதற்கான டிரைவர் கெர்னலில் நெடுநாளாக இருக்கிறது. அதைப் படித்துப் புரிந்துகொண்டு, பாராமல் திரும்ப எழுதிப் பாருங்கள். நான்கே ரெஜிஸ்டர்கள். முதலாவதில் வெப்பநிலை, ஒன்பது பிட்டுகளில், அரை டிகிரிப் படிகளாக இருக்கிறது. 29.5 டிகிரி என்றால் 59 அரை டிகிரிகள். 000111011 என்று வரும். மைனஸ் அரை டிகிரி என்றால் ஒன்பதும் ஒன்று. இடப்பக்கம் ஒட்டி வரும் அந்த ஒன்பது பிட்டுகளை நகர்த்தி, குறியைக் காப்பாற்றி, மில்லி டிகிரியாக மாற்றித் தருவதே வேலை. முதல் டிரைவர் எழுதுகிறவர்கள் பூஜ்யத்துக்குக் கீழேதான் வழுக்கி விழுகிறார்கள்.

இந்தச் சிப்புக்குப் பெயர்ப்பலகை இல்லை என்பது இதன் சுவாரசியம். நான் யார் என்று சொல்லும் அடையாள ரெஜிஸ்டர் இதில் கிடையாது. ஆகவே கெர்னல் டிரைவர் இதைக் கண்டுபிடிக்கும் பகுதி ஒரு துப்பறிவாளரின் வேலையைப் போல எழுதப்பட்டிருக்கும்: பயன்படாத பிட்டுகள் பூஜ்யமாக இருக்கின்றனவா, இல்லாத ரெஜிஸ்டரைக் கேட்டால் எதிர்பார்த்தபடி பதில் வருகிறதா என்றெல்லாம் சோதித்துவிட்டுத்தான் இது எல்எம்75ஆக இருக்கலாம் என்ற முடிவுக்கு வருகிறது. அந்தச் சோதனை முழுவதிலும் ஒரு பைட்கூட எழுதுவதில்லை என்பதைக் கவனியுங்கள். மதுரை ஆசிரியைக்குச் சொன்ன திங்க்பேட் கதை உங்களுக்கும் பொருந்தும். ஹெச்டபிள்யூமான் பிரிவுக்கு டிரைவர் அனுப்புகிறவர்களுக்கான குறிப்பும், இன்ன சிப் என்று உறுதியாகத் தெரியும் முன் எழுதாதே, கெர்னல் பதிவேட்டை வீண் செய்திகளால் நிரப்பாதே என்கிறது.

பழக, எல்எம்75 பதித்த சிறு தகடு ஒன்றை வாங்கி ராஸ்பெர்ரி பையின் ஐ2சி கால்களில் இணையுங்கள். மூன்று முகவரிக் கால்களையும் தரையில் இணைத்தால் அதன் முகவரி பதினறும 48. அந்தக் கால்களை மாற்றி மாற்றி இணைத்தால் ஒரே தடத்தில் எட்டுச் சிப்புகள் வரை வைக்கலாம். ஐ2சி தடத்தின் கோப்பகத்தில் உள்ள ‘நியூ டிவைஸ்’ என்ற கோப்பில் சிப்பின் பெயரையும் முகவரியையும் எழுதினால் டிரைவர் வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு ‘டெம்ப்1 இன்புட்’ கோப்பைப் படித்துக்கொண்டே சிப்பின் மீது விரலை வையுங்கள். 29500, 30000, 30500 என்று ஐந்நூறு ஐந்நூறாக ஏறும். அடுத்து, தரவுக் கம்பியைக் கழற்றிவிட்டு மீண்டும் படியுங்கள். டிரைவரைச் சரியாக எழுதியிருந்தால் பூஜ்யமோ கடைசியாகப் படித்த எண்ணோ வரக் கூடாது. பிழைச் செய்தி ஒன்றுதான் வர வேண்டும்.